சோமனூர்க்காரர் மியூசியம் பார்ப்பது எப்படி?

முதலில் தறியை நிறுத்த வேண்டும். சொல்வது சுலபம். சோமனூரில் ஒரு குடும்பம் மொத்தமாகச் சென்னைக்குக் கிளம்புவதென்றால் கல்யாணமோ கருமாதியோ இருக்க வேண்டும். அப்போதுகூட ஒருத்தர் தறிக்குடோனில்தான் இருப்பார். பாவு பாதியில் நிற்கிறது, ஆள் லீவு, ஜவுளிக்காரர் பீஸ் கேட்டு போன் மேல் போன் போடுகிறார் என்று ஏதாவது ஒரு காரணம் சட்டைப்பையிலேயே இருக்கும். ஆகவே ஊட்டிக்கு மே மாதம் என்பதுபோல, சோமனூர்க்காரர் சுற்றுலா போவதற்கு உகந்த காலம் எது என்று கேட்டால் வேலைநிறுத்தக் காலம் என்பேன்.

அந்த சீசன் எப்போது வரும் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்காது. கூலி உயர்வு கேட்டு 2022 ஜனவரியில் தறிகள் நின்றன. 2025-ல் பங்குனியில் நின்ற தறி சித்திரை பிறந்தும் ஓடவில்லை. ஒரு மாதத்துக்கும் மேல். கோவை, திருப்பூர் மாவட்டங்களில் இரண்டரை லட்சம் விசைத்தறிகள் என்று பேப்பரில் எழுதுவார்கள். அத்தனையும் ஒன்றாக வாயை மூடினால் ஊரில் ஒருத்தராலும் ஓர் இடத்தில் உட்கார முடியாது. எங்கள் மாமா மூன்றாம் நாள் குடோனுக்குள் போய்ச் சும்மா நின்றுவிட்டு வந்தார். ஐந்தாம் நாள் எண்ணெய்க் கேனை எடுத்துக்கொண்டு போய் ஓடாத எட்டுத் தறிக்கும் எண்ணெய் விட்டார். பத்தாம் நாள் அத்தை என்னைக் கூப்பிட்டு, "இந்த மனுசனை எங்கயாச்சும் கூட்டிட்டுப் போ சாமி" என்றாள்.

தட்சிணசித்ரா போகலாம் என்றேன். மாமா கேட்ட முதல் கேள்வியிலேயே நான் தப்புச் செய்துவிட்டேன். நீங்கள் செய்யாதீர்கள். "அங்க என்ன இருக்குது?" என்று கேட்டார். "பழைய வீடுகளுங்க மாமா. பானை வனையறது, கூடை முடையறது, தறி நெய்யறது எல்லாம் நேர்ல செஞ்சு காட்டுவாங்க" என்றேன். மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். "தறி நெய்யறதைப் பாக்கறதுக்கு ஐநூறு கிலோமீட்டரு, அதுக்கு டிக்கெட்டு வேற?"

தறி என்ற சொல்லை வாயிலிருந்து விடக்கூடாது. கடலோரத்தில் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். பொய்யில்லை. சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில், கடலைப் பார்த்தபடிதான் இருக்கிறது. கடல் என்றதும் அம்மிச்சி பெட்டியை எடுத்து வைத்துவிட்டாள். அம்மிச்சி கிளம்பினால் மாமா கிளம்பித்தான் ஆக வேண்டும்.

திருப்பூர் போய் சேரன் எக்ஸ்பிரஸ் ஏறுங்கள். ரயிலில் தூக்கம் பற்றிக் கவலை வேண்டாம். தடக்கு தடக்கு என்ற சத்தம் இருக்கிறவரை சோமனூர்க்காரருக்குத் தூக்கத்தில் குறைவிருக்காது. பத்து நாளாகக் கண் மூடாத மாமா ஈரோடு வருவதற்குள் குறட்டை விட்டார். சோதனை சென்னையில்தான். வேளச்சேரியில் ஒரு ஒறம்பரை வீட்டு மூன்றாவது மாடியில் தங்கினோம். அன்றிரவு மூன்று மணிக்கு அம்மிச்சி எழுந்து உட்கார்ந்து, "கரண்டு போயிருச்சா?" என்றாள். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. எங்கள் ஊரில் கைக்குழந்தைகள்கூட இப்படித்தான். தறி ஓடும்போது தூங்கும், கரண்டு போனால் வீலென்று அழும்.

நாள் பார்ப்பதும் முக்கியம். தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. செவ்வாய்க்கிழமை போய் மூடின கேட்டை நன்றாகப் பார்த்துவிட்டு, பக்கத்தில் முட்டுக்காடு படகுத்துறையில் வெயிலில் நின்று ஐஸ் சாப்பிட்டுத் திரும்பிய குடும்பம் எது என்று கேட்காதீர்கள். புதன்கிழமை மறுபடி போனோம்.

உள்ளே போனதும் பெரியவர்களுக்கு இது என்ன இடம் என்று விளக்கிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் கோயிலா, ரிசார்ட்டா, சினிமா செட்டா என்று ஆளுக்கொன்றாக முடிவு செய்துகொள்வார்கள். நான் இப்படிச் சொன்னேன்: தென்னாட்டில் அங்கங்கே இடிபட இருந்த நூறு, நூற்றைம்பது வருஷத்து வீடுகளை விலைக்கு வாங்கி, தூண் தூணாக, கதவு கதவாகப் பிரித்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, பழைய முறை தெரிந்த தச்சர்களையும் கொத்தனார்களையும் வைத்து இங்கே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். பத்து ஏக்கர், பதினெட்டு வீடு. அமெரிக்காவில் பிறந்து சென்னையில் வாழ்க்கைப்பட்ட டெபோரா தியாகராஜன் என்பவர் 1984-ல் மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்று ஆரம்பித்தார். இந்த இடம் 1996 டிசம்பரில் திறந்தது. கட்டட அமைப்பைத் தொடங்கிக் கொடுத்தவர் லாரி பேக்கர். பிறகு அவர் வழிவந்த பென்னி குரியாகோஸ் பார்த்துக்கொண்டார்.

இதற்கெல்லாம் முன்னோடி சுவீடனில், ஸ்டாக்ஹோமில் இருக்கிற ஸ்கான்சன். 1891-ல் ஆர்துர் ஹசேலியஸ் என்பவர் திறந்தது. ஆலை வந்து கிராமத்தை விழுங்குகிறது, அது முழுசாக உள்ளே போவதற்குள் நாலு வீட்டையாவது பிடுங்கி வைப்போம் என்று கிளம்பியவர். அந்தக் காலத்து வீடு, அந்த வீட்டில் அந்தக் காலத்து வேலையைச் செய்து காட்டுகிற ஆள் என்ற ஏற்பாடு அங்கிருந்துதான் உலகமெல்லாம் பரவியது.

மாமா பொறுமையாகக் கேட்டார். பிறகு செட்டிநாட்டு வீட்டு முற்றத்தில் நின்று நாலு பக்கமும் அளந்து பார்த்தார். "இதுல பன்னண்டு தறி போடலாம்."

சோமனூர்க்காரரோடு பழைய வீடு பார்ப்பதென்றால் இதற்குத் தயாராக இருக்க வேண்டும். வீட்டின் அழகு எங்கள் கண்ணில் படாமல் இல்லை. தறிக் கணக்குக்குப் பிறகு படும். பர்மா தேக்குத் தூண் என்றால், "தூணு நடுவுல நிக்குது, பீமை எப்படி உள்ள தூக்கீட்டுப் போறது?" என்பார் மாமா. புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீட்டில் மரச்சுவரைத் தட்டிப் பார்த்து, "தறி ஓட்டினா ஒரு வருசத்துல ஆணியெல்லாம் கழண்டுரும்" என்றார். ஆந்திரக் கடற்கரையின் வட்டமான மண் வீட்டுக்குள் குனிந்து போய் நிமிர்ந்ததும் ஒன்றும் சொல்லவில்லை. வட்டத்துக்குள் தறி எப்படிப் போட்டாலும் மூலை வீணாகிறது. அந்த ஒரு வீட்டைத்தான் அவர் வீடாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். வெளியே வந்து, "குளுகுளுன்னு இருக்குது" என்றார்.

குயவர் சக்கரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. களிமண்ணைத் தொட்டுப் பார்க்கலாம் என்றதும் வரிசையில் முதலில் நிற்பவர்கள் குழந்தைகள் அல்ல, அவர்களின் அப்பாக்கள். பிறகு கோணலாக வந்த ஒரு குவளையைப் பத்திரமாக ஊர்வரைக்கும் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் அம்மாக்கள். கிளி ஜோசியக்காரரிடம் மாமா அடுத்த மாதம் நூல் விலை ஏறுமா இறங்குமா என்று கேட்டார். கிளி முருகன் படத்தை எடுத்துக் கொடுத்தது. கோவையில் இதைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடிய ஆள் எவருமில்லை என்பதால் மாமா திருப்தியாகப் பணம் கொடுத்தார்.

இனிமேல்தான் கவனமாக நடந்துகொள்ள வேண்டிய பகுதி. காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடு.

உள்ளே குழித்தறி. தரைமட்டத்தில் பலகை, கீழே குழி, குழிக்குள் மிதி. ஒருவர் உட்கார்ந்து நெய்துகொண்டிருக்கிறார். சுற்றிலும் பத்துப் பேர் போனைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார்கள். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள் என்பது இங்கே முதல் எச்சரிக்கை. மாமா பார்த்தார். உதடு அசைவதை வைத்தே எண்ணுகிறார் என்று தெரிந்துகொண்டேன். "நிமிசத்துக்கு இருவத்தஞ்சு ஊடைகூட ஓடலை" என்று என் காதில் சொன்னார். சோமனூரில் காதில் சொல்வதென்றால் தறிச்சத்தத்தை மீறிச் சொல்வது. பத்துப் பேரும் திரும்பினார்கள். நெசவாளரும் திரும்பினார்.

எங்கள் தறி நிமிஷத்துக்கு நூற்றுச் சொச்சம் ஊடை, அதாவது குறுக்கிழை, அடிக்கும். ஒரு ஆள் எட்டுத் தறி பார்ப்பார். ஆனால் இந்தக் கணக்கைக் காஞ்சிபுரத் தறியின் முன்னால் போடுவது, சமையலறையில் ஹோட்டல் கணக்குப் போடுவதுபோல. அவர் நெய்துகொண்டிருந்தது கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஊடையைக் கொண்டுபோகிற நாடா உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று, ஆக மூன்று நாடா. ஒவ்வொரு ஊடைக்கும் உடலின் இழையும் கரையின் இழையும் ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொள்ள வேண்டும். ஓரத்து நாடாவைத் தள்ளிக் கொடுக்கப் பக்கத்தில் இன்னோர் ஆள். சேலையை இழுத்தால் நடுவில் கிழியலாம், அந்தச் சேர்மானத்தில் பிரியாது. எங்கள் சாதாத் தறிக்கு ஒரே நாடாதான். இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் அடிக்கும், திருப்பி அடிக்கும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். இதை மாமாவுக்கு நான் விளக்கவில்லை. அவரே குனிந்து பார்த்துவிட்டு எண்ணுவதை நிறுத்தினார்.

அம்மிச்சி தறியைப் பார்க்கவில்லை. குழியைப் பார்த்தாள். "நம்மூட்டுக் குழியும் இத்தனைதான் இருக்கும். ஐப்பசியில தண்ணி ஊறிக்கும். அப்புச்சி சொம்புல மொண்டு ஊத்தீட்டு அப்புறம் எறங்குவாரு." இந்தக் கதை எனக்குத் தெரியாது. குழியை மூடி, சிமென்ட் போட்டு, அதன்மேல்தான் முதல் விசைத்தறியை இறக்கினார்கள் என்பது மட்டும் தெரியும். இப்போதும் மாமாவின் மூன்றாம் நம்பர் தறி நிற்கிற இடம் அது. மழைக்காலத்தில் அந்த ஒரு தறியின் காலடியில் மட்டும் தரை ஈரம் காக்கும். சிமென்ட் சரியில்லை என்று மாமா இருபது வருஷமாகக் கொத்தனாரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

நெசவாளர் கேட்டார்: "எந்த ஊரும்மா?"

"கோயமுத்தூருப் பக்கம் தம்பி. சோமனூரு."

அவர் மிதியிலிருந்து காலை எடுத்தார். "பவர்லூமா?"

"இப்ப பவர்லூமு. முந்தி குழித்தறிதான்."

"எல்லாரும் அப்டித்தாம்மா சொல்றாங்க" என்று சிரித்தார்.

இந்த இடத்தில் உங்கள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பதற்கு எந்த வழிகாட்டியிலும் குறிப்பில்லை. ஏனென்றால் வழிகாட்டி எழுதுகிறவர்கள் பார்வையாளர்களுக்காக எழுதுகிறார்கள். நாம் பார்வையாளர்கள் அல்ல, சம்பந்தப்பட்டவர்கள். கைத்தறி ஏன் மியூசியத்துக்கு வந்தது என்று அந்த வீட்டில் யாராவது ஒரு குழந்தை கேட்டால், பதில் அங்கேயே வேட்டி கட்டிக்கொண்டு நிற்கிறது. 1785-ல் எட்மண்ட் கார்ட்ரைட் என்கிற பாதிரியார் விசைத்தறிக்குக் காப்புரிமை வாங்கினார். 1932-ல் பைக்காராவிலிருந்து மின்சாரம் இறங்கிக் கோவைக்கு வந்தது. அப்புறம் ஒவ்வொரு ஊராக, ஒவ்வொரு குழியாக மூடிக்கொண்டே வந்தோம். கைத்தறியைக் காப்பாற்ற 1985-ல் மத்திய அரசு ஒரு சட்டமே போட்டது. இன்ன இன்ன ரகத்தை விசைத்தறியில் நெய்யக் கூடாது என்று அதில் பட்டியல் உண்டு. முதலில் 22 ரகம், பிறகு 11 ஆனது. சோமனூரில் பெரும்பாலும் நெய்வது வெள்ளைக் காடா என்பதால் நாங்கள் அந்தப் பட்டியலுக்கு வெளியே. கைது செய்ய முடியாது, ஆனாலும் அந்த வீட்டில் நின்றபோது மாமா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மாமாவுக்குத் தைரியம் சொல்லலாம் என்று தறியின் தலையைக் காட்டினேன். மேலே மரச்சட்டத்தில் ஜக்கார்டு பெட்டி, அதிலிருந்து துளை போட்ட அட்டைகள் மாலைபோலத் தொங்கின. "அது பிரான்ஸ்காரன் கண்டுபிடிச்சதுங்க மாமா. 1804. கயித்தை இழுத்தா நாடா ஓடற விசையும் இங்கிலாந்துக்காரன் செஞ்சது, 1733." பாரம்பரியம் என்று கும்பிடுகிற தறிமேலும் ஏற்கெனவே இரண்டு வெள்ளைக்காரர்கள் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள், நாம் மூன்றாவது ஆள், அவ்வளவுதான் என்று சொல்ல வந்தேன். மாமா சமாதானம் ஆகவில்லை. "அவனுக தறி மேல ஏறுனானுக. நாம நெசவாளி மேல ஏறிட்டம்" என்றார். மாமாவைச் சுற்றுலா கூட்டிப்போனால் இந்த மாதிரி ஏதாவது சொல்லிவிடுவார்.

அப்போது பாவில் ஒரு இழை அறுந்தது.

தடுப்புக் கயிறு கட்டியிருந்தால் அதைத் தாண்டாதீர்கள். செய்துகாட்டுகிறவரின் தறியைத் தொடாதீர்கள். இதைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஏனென்றால் அம்மிச்சியின் கை அதற்குள் தறிக்குள் போய்விட்டது. எண்பது வயதில் மாத்திரை அட்டையைப் பிரிக்க முடியாத விரல்கள், அறுந்த நுனிகள் இரண்டையும் பிடித்தன. கட்டைவிரல் நகத்தின்மேல் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக வைத்து, ஒரு சுற்று, ஒரு மடிப்பு, ஓர் இழுப்பு. நான் பார்த்துக்கொண்டே இருந்தும் எப்போது முடிச்சு விழுந்தது என்று பார்க்கவில்லை. நெசவாளர் ஒன்றும் பேசவில்லை. குனிந்து முடிச்சை நகத்தால் நெருடிப் பார்த்தார். இழையைத் தட்டிப் பார்த்தார். "ம்" என்றார்.

அந்த "ம்"மைப் பற்றி அம்மிச்சி ஊருக்கு வந்ததும் எங்கள் வீதியில் நாலு வீட்டில் சொன்னாள். கடலைப் பற்றி ஒரு வீட்டிலும் சொல்லவில்லை.

சென்னைக்காரர்களும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் சோமனூர் வந்து பார்ப்பது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். நுழைவுக் கட்டணம் இல்லை. இரண்டு ஷிப்டு, இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும். கருமத்தம்பட்டியில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கும்போதே காதில் விழும். வழி கேட்க வேண்டியதில்லை. துப்பட்டா, தொங்குகிற சால்வை, அவிழ்த்துவிட்ட முடி எதுவும் ஆகாது. ஓடுகிற பெல்ட்டு ஆள் பார்த்து இழுப்பதில்லை. தறிக்கு நேர் பக்கவாட்டில் நிற்காதீர்கள். நாடா சில சமயம் எகிறும். இரும்பு முனை வைத்த மரக்கட்டை அது, பட்டால் கண் போகும், பல் போகும். எங்கள் ஊரில் முன்பல் இல்லாத பெரியவர் ஒருவரிடம் இனிப்பு அதிகம் சாப்பிட்டீர்களா என்று கேட்டு மாட்டிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி கேட்காதீர்கள், கேட்காது. எங்களுக்குள்ளேயே பேச்சு கையிலும் உதட்டிலும்தான். இரண்டு விரலை நீட்டி மடக்கினால் நாடாவுக்குள் இருக்கிற நூல் தார் தீர்ந்துவிட்டது, உள்ளங்கையை வயிற்றில் வைத்தால் சாப்பிட்டாயா, புருவத்தைத் தூக்கி வாசலைக் காட்டினால் ஜவுளிக்காரர் வருகிறார். ஒரு கல்யாணம் பேசி முடித்ததே இப்படித்தான் என்பார்கள். இங்கிலாந்தில் லங்காஷயர் ஆலைத் தொழிலாளிகளும் இதையேதான் செய்தார்கள், அதற்கு மீமாயிங் என்று பேர் வைத்திருந்தார்கள். பேர் வைத்தது ஒன்றுதான் அவர்கள் கூடுதலாகச் செய்த வேலை.

வாய்ப்பிருந்தால் பாவு பிணைக்கிறவர் வருகிற நாளில் வாருங்கள். அன்றைக்கு ஒரு தறி நிற்கும். தீர்ந்துபோன பாவின் நுனிகள் அச்சுக்குப் பின்னால் தொங்கும். புதுப் பாவை ஏற்றி வைத்து, அந்த அம்மாள் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, பழைய இழை ஒன்று, புது இழை ஒன்று என்று முறுக்கிக்கொண்டே போவார். மூவாயிரம், நாலாயிரம் இழை. பார்க்காமலே செய்வார். பக்கத்துத் தறிக்காரியோடு உதட்டில் பேசிக்கொண்டே செய்வார். ஓர் இழை மாறினாலும் துணி முழுக்கக் கோடு விழும். மாறாது. முட்டுக்காட்டில் இதைச் செய்துகாட்டினால் வெளிநாட்டுக்காரர்கள் கைதட்டுவார்கள். சோமனூரில், "சீக்கிரம் முடிங்கக்கா, தறி நிக்குது" என்போம்.

இதெல்லாம் எத்தனை நாளைக்கு என்று கேட்பவர்கள் பர்ன்லியைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம். லங்காஷயரில் இருக்கிற ஊர். அங்கே குவீன் ஸ்ட்ரீட் மில் என்று 1894-ல் கட்டிய நெசவாலை ஒன்று. நீராவி எஞ்சினில் ஓடுகிற தறிகள், எஞ்சினுக்குப் பெயர் சமாதானம். 1982-ல் நெசவை நிறுத்தினார்கள். முந்நூறு தறிகளை அப்படியே வைத்து மியூசியம் ஆக்கிவிட்டார்கள். அந்த லங்காஷயர் தறியும் எங்கள் சாதாத் தறியும் ஒரே வம்சம். படத்தைக் காட்டினால் மாமா எந்தப் பாகம் எங்கே தேயும் என்று சொல்வார். காட்டினேன். மெல்லப் பெரிதாக்கி, பெரிதாக்கிப் பார்த்தார். "இதைப் பாக்கறதுக்கு டிக்கெட்டா?" என்றார், முன்பு கேட்டதுபோல. ஆனால் இந்தத் தடவை குரலில் ஏளனம் இல்லை. எவ்வளவு டிக்கெட் என்று விவரமாகக் கேட்டார்.

சோமனூரில் அப்படி ஒரு ஏற்பாடு செய்வதில் சிக்கல் உண்டு. மியூசியம் வைக்க வேண்டுமானால் பொருள் மிஞ்சியிருக்க வேண்டும். நாடாவே இல்லாத ஏர்ஜெட் தறி வந்த பிறகு சாதாத் தறிக்கு விலை, இரும்பு விலைதான். வண்டி வரும், இரண்டு பேர் இறங்குவார்கள், சுத்தியலால் நாலு தட்டு, பிறகு எடைமேடை. செட்டிநாட்டு வீட்டைப் பிரித்தவர்களிடமாவது கதவை முழுசாக வாங்கலாம். காரைக்குடியில் அதற்கென்று தெருவே உண்டு. தறியை உடைத்துத்தான் ஏற்றுவார்கள். முழுசாக ஏற்றினால் வண்டியில் இடம் பிடிக்கிறதாம். ஆகவே யாராவது சோமனூர் தட்சிணசித்ரா என்று யோசித்துக்கொண்டிருந்தால் பத்து ஏக்கர் எல்லாம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், முதலில் அந்த வண்டிக்காரரிடம் பேசி வைப்பது நல்லது.

திரும்பும் பயணத்துக்குத் தனியாக யோசனை எதுவும் தேவையில்லை. ரயிலில் எல்லோரும் தூங்கினோம். ஊரில் இறங்கியபோது தறிகள் இன்னும் ஓடவில்லை. வீதியில் காக்கைச் சத்தம் கேட்டது, அதற்கே விருந்தாளி வந்ததுபோலத் திரும்பிப் பார்த்தோம். அம்மிச்சி அடுத்த ஒரு வாரமும் ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து கரண்டு போய்விட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மாமா ஒரு நாள் கடப்பாரையால் மூன்றாம் நம்பர் தறியடியில் சிமென்ட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததாக அத்தை சொன்னாள். எதற்கு என்று கேட்டதற்கு, "சும்மா" என்றாராம்.

பேச்சுவார்த்தை முடிந்து தறி ஓட்டலாம் என்று தகவல் வந்தது ஒரு சாயங்காலம். அதற்கு மூன்று நாள் முன்னால், நாங்கள் எல்லோரும் அவினாசியில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தபோது, அந்த வண்டி எங்கள் வீட்டுக்கும் வந்து போயிருந்தது. ஒரு மாதக் கடன், வட்டி. மாமா அம்மிச்சியிடம் சொல்லவில்லை. சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார். எட்டு மணிக்குச் சுவிட்சைப் போட்டார். வீதியில் அடுத்தடுத்த குடோன்களும் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன. அம்மிச்சி திண்ணையில் கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடினாள். தூங்கிவிட்டாள் என்று நான் போர்வையை இழுத்துவிடக் குனிந்தேன்.

"ஏங்கண்ணு" என்றாள் கண்ணைத் திறக்காமல். "சத்தத்துல ரெண்டு கொறையுதே?"